எட்டும் எழுபத்தெட்டும்

"அண்ணாச்சி, உங்க பார் வட துருவத்துப் பக்கம் பனிக்கடல்ல கிடக்கு!"

மீன்வளத்துறை அலுவலகத்தில் பேச்சிச்செல்வி கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார் கிங்ஸ்டன். வெள்ளை வெளேரென்ற கடலில் சின்னதாக ஒரு சிவப்புக் கட்டம்.

தூத்துக்குடி வள்ளக்காரர்கள் இருநூற்றுப் பதினான்கு பேரும், தாங்கள் மீன் பிடிக்கும் பாரின், அதாவது கடலடிப் பாறைத் திட்டின், நான்கு மூலைகளையும் ஜி.பி.எஸ். எண்களாக டெக்ஸ்ட் ஃபைலில் தர வேண்டும். தராவிட்டால் டீசல் டோக்கன் கிடையாது. எதற்கு என்று மேலிடம் மூச்சு விடவில்லை. அத்தனை ஃபைலையும் ஒரே அழுத்தில் கட்டங்களாக மாற்றி மேப்பில் உட்கார வைப்பதுதான் பேச்சிச்செல்வியின் வேலை. இருநூற்றுப் பதின்மூன்று கட்டங்கள் சமர்த்தாக மன்னார் வளைகுடாவில் போய் உட்கார்ந்தன. கிங்ஸ்டனுடையது மட்டும் ஐரோப்பாவையே தாண்டி ஓடிவிட்டது.

"எட்டு எழுத வேண்டிய இடத்துல எழுபத்தெட்டை எழுதியிருக்கீங்க. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிட்டு. ஒரு நிமிசம், சரி பண்ணிருதேன்."

"ஏ தங்கச்சி, கையை எடு!"

அவர் போட்ட சத்தத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் எல்லாம் ஒருமுறை குனிந்து நிமிர்ந்திருக்கும். பேச்சிச்செல்வி மவுஸை விட்டுவிட்டாள்.

"அது அங்கனயே கிடக்கட்டும்."

"அங்கன பனிக்கரடிதான் இருக்கும், அண்ணாச்சி."

"இருந்துட்டுப் போவுது. கரடி என் பாரை எந்தக் கம்பெனிக்கும் எழுதிக் குடுக்காதுல்லா? இத்தனை கட்டம் எதுக்குப் போடச் சொல்லுதானுவ? கட்டம் போட்ட இடத்தை எல்லாம் வளைச்சுப் போடத்தான்!"

"என்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லிட்டா செய்வானுவ? எங்கப்பா காட்டுன பார் அது. எங்கன இருக்குன்னு என் பொண்டாட்டிக்கே தெரியாது. வீட்டுல ஆறு வயிறு அதை நம்பித்தான் கிடக்கு. அது போச்சுன்னா வள்ளத்தை வெறகுக்குத்தான் ஒடைக்கணும்." கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

பேச்சிச்செல்வியின் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் கொற்கையில் அவள் அப்பாவின் வயலையும் இப்படித்தான் நாலு எண்ணாக எழுதிக்கொண்டு போனார்கள். இப்போது அந்த வயலின் மேல் லாரி ஓடுகிறது.

"சரிபார்த்தேன்னு இங்கன கையெழுத்துப் போடணும். போட்டுட்டா நீங்க நினைச்சாலும் மாத்த முடியாது. யோசிச்சுக்கிடுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? பனிக்கடல்தானே? எங்க பனிமய மாதா பாத்துக்கிடுவா!"

பேப்பரைத் துளைத்து, மேசையையும் துளைத்து, தரையைத் தொடும் அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டார் கிங்ஸ்டன்.

அன்றிலிருந்து கடற்கரையில் அவர் நடையே மாறிவிட்டது. மீசை காதுக்கு மேலே ஏறிவிட்டது. பக்கத்து வள்ளக்காரர் கிருபாநிதியைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே நக்கல்.

"ஏலே கிருபா, உன் பார் மேப்புல பளபளன்னு மின்னுதாமே? போயி ஒரு முத்தம் குடுத்துட்டு வா. அடுத்த மாசம் எவன் கையில இருக்குமோ!"

பயத்தில் கிருபாநிதி பாதியாக இளைத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. மீன் ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள். கடற்கரையே திரண்டு நின்றது. ஒருவர் முகத்திலும் ரத்தம் இல்லை, கிங்ஸ்டன் ஒருவரைத் தவிர.

"நீயே வாசி லே கிருபா! எல்லாருக்கும் கேக்குற மாதிரி, சத்தமா வாசி!"

கிருபாநிதி வாசித்தார்:

"மேப்பில் கட்டமிட்டுள்ள இடங்களில் அந்தந்த வள்ளக்காரர்கள் வழக்கம்போல மீன் பிடித்துக்கொள்ளலாம். மீதிக் கடல் முழுவதும் இன்றுமுதல் கம்பெனிக்கு."