தேதி தாண்டியவர்கள்

நேற்றுவரை நான் பச்சையாகத்தானே இருந்தேன் என்று நினைத்துக்கொண்டாள் மங்களேஸ்வரி. பிரசவத் தேதி தாண்டியும் குழந்தை பிறந்த விவரம் பதியப்படாத கர்ப்பிணிகளின் பெயர்களை மருத்துவமனையின் எக்செல் பட்டியல் பச்சையிலிருந்து தானாகவே சிவப்பாக்கிவிடும். காலையில் சிவப்புகளை மேலே கொண்டுவந்து, ஒவ்வொருவரையும் போனில் விசாரிப்பது அவள் வேலை. இன்று முதல் வரியில், கர்ப்பமானபோது அங்கேயே பதிவு செய்திருந்த அவள் பெயரே வந்திருந்தது. ஏழாம் மாதமே எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பிரசவ விவரத்துக்கான கட்டத்தில் எழுதத்தான் அவளுக்குக் கை வரவில்லை. வரிக்குப் பச்சை பூசிப் பார்த்தாள், சிவப்பு போகவில்லை. பக்கத்து மேசை பிலோமினா எழுந்து வந்தாள்.

"எந்திரிங்கக்கா. அந்த வரிய நான் அழிச்சிடறேன்."

மங்களேஸ்வரி மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இருக்கட்டும் பிலோ. ஒரு நாள்தான தாண்டியிருக்கு."