இன்னும் மூன்று மணி பத்து நிமிடம்

பன்னிரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், பதினான்கு மணி நேரம். மகளின் பிரசவத்துக்கென்று அம்மா பறந்து வந்து ஒன்பது நாளாகிவிட்டது. பேத்தி பிறந்து வீட்டுக்கும் வந்தாயிற்று. அம்மாவுக்குக் கால் வீக்கம் மட்டும் வடியவில்லை, காதடைப்பும் விட்டபாடில்லை.

சாப்பிடும்போது மாப்பிள்ளை போனை நீட்டிச் சிரித்தார். “பாருங்க அத்தை, உங்க ஃப்ளைட் இன்னும் இறங்கவே இல்லையாம்!”

வரைபடத்தில், நடுக்கடல்மேல் ஒரு குட்டி விமானம். மீதி 2,810 கிலோமீட்டர். மூன்று மணி பத்து நிமிடம்.

“பழசா இருக்கும். அழிச்சிடுங்க மாப்பிள்ளை.”

“நாலு தடவை அழிச்சாச்சு அத்தை.”

மறுநாளும் அதே மூன்று மணி பத்து நிமிடம். அதற்கடுத்த நாளும் அதேதான். ஊரில் ஒரு நாழிகைகூட வீட்டில் கால் தரிக்காதவள் அம்மா. வந்ததிலிருந்து வாசலையே தாண்டவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. செருப்பை மாட்டினாள்.

“இப்ப எழுந்திருக்காதம்மா. உட்காரு,” என்று மகள் அவளை நாற்காலியில் அமர்த்தி, முழங்கால்மேல் போர்வையை இழுத்துவிட்டாள்.

வெளிச்சமாவது வரட்டும் என்று அம்மா பக்கத்து ஜன்னலின் மறைப்பை மேலே தள்ளப் போனாள். மகள் அந்தக் கையை மெல்லப் பிடித்தாள். நடுப்பகல். எதிரே மாப்பிள்ளை விழித்திருந்தார். அவர் மடியில் குழந்தையும் கொட்டக் கொட்ட விழித்திருந்தது.

“திறக்காதம்மா,” என்றாள் மகள், குனிந்து, தாழ்ந்த குரலில். “எல்லாரும் தூங்கறாங்க.”