வருபவர் ஒருவர்

வடக்குப் பின்லாந்தின் அந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் நிதித்துறைத் தலைவர் ஹில்கா. பட்ஜெட் கூட்டம் முடிந்ததும், ஊழியர்களின் மனநல ஆலோசகர் யோர்மாவின் அறைக்கு நேரே வந்தார்.

"உங்க வேலையை எடுத்துட்டோம், யோர்மா. வருஷம் முழுக்க உங்ககிட்ட வந்தது ஒரே ஒருத்தர். ஒரு ஆளுக்காக எப்படிச் சம்பளம் ஒதுக்கறது?"

"அந்த ஒருத்தர் என்ன பண்ணுவாங்க?"

"சமாளிச்சுக்குவாங்க."

"அவங்களுக்காகக் கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, யாருன்னு கேட்பாங்க."

ஹில்காவின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

யோர்மா எழுந்து கதவைச் சாத்தினார். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சரி, உங்க நேரம் ஆரம்பிச்சாச்சு. உட்காருங்க, ஹில்கா. இந்த வாரமாவது தூக்கம் வந்துச்சா?"