பன்னிரண்டு மணி அன்பு

"இது மட்டும் மெர்லிட்டாவுக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சுடுவாடா!" ரோடெல் கெஞ்சினான்.

கணினியில் புது இயங்குதளம் போட வந்திருந்த நண்பன் நெஸ்டர் கண்ணடித்தான். "யாருடா அந்த இன்னொருத்தி? ஆபீஸ் பொண்ணா?"

"சீ! நான் மறைக்கிறதே, என் பெண்டாட்டிக்கு நான் அனுப்புற மெசேஜைத்தான்."

ரோடெலைப் போல ஒரு கணவன் செபு நகரத்திலேயே கிடையாது என்று மெர்லிட்டாவின் தோழிகள் பெருமூச்சு விடுவார்கள். தினமும் மதியம் பன்னிரண்டுக்கு, "சாப்பிட்டியா தங்கம்?" என்று தவறாமல் கேட்பான். அதாவது, அவன் கணினி கேட்கும். கல்யாணமான புதிதில், காதல் பொங்கி வழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதி வைத்த புரோகிராம். அன்றிலிருந்து ரோடெல் நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவான்.

அவளும் லேசுப்பட்டவள் அல்ல. அடுத்த நொடியே பதில் வந்துவிடும்: "ஆச்சு ராசா, நீ?" அந்த வேகத்தில் ரோடெலுக்கு ஏகப் பெருமை.

"கவலையை விடு. உன் செட்டிங்ஸ் மொத்தமும் பேக்கப் எடுத்தாச்சு. ஒரு மயிரிழை மாறாது" என்றான் நெஸ்டர்.

மாறவில்லைதான். திரையில் இருந்த சண்டைச் சேவல் படம், எழுத்தின் அளவு, மவுஸின் வேகம் எல்லாம் அப்படியே இருந்தன. நேரம் பார்த்துச் செய்தி அனுப்பும் ஏற்பாடு மட்டும் வேறொரு மூலையில் இருந்ததாம். புது இயங்குதளம் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது.

ரோடெல் இதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு வாரத்து அன்பு நின்றுபோயிருந்தது. வீட்டில் அவள் வேறு இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, போனையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை வறுத்த பன்றிக்கறியும் மாம்பழக் கேக்குமாக வீட்டுக்குள் நுழைந்தான். தட்டில் பரிமாறிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"மெர்லி, கோபப்படாதே. இந்த வாரம் முழுக்க நான் உனக்கு மதியம் மெசேஜே அனுப்பலை."

அவள் கையிலிருந்த கரண்டி நழுவியது. "என்னது, அனுப்பவே இல்லையா?"

"மன்னிச்சுடு தங்கம்..."

மெர்லிட்டா நெஞ்சில் கை வைத்து, நீளமாக மூச்சு விட்டாள்.

"அப்பாடா! என் போன்ல தானா பதில் போடுறதுதான் கெட்டுப்போச்சோன்னு பயந்தே போயிட்டேன்!"