புகார் கொடுத்தவர்

ஆஸ்திரேலியாவின் டப்போ ஊரில் ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்களுக்குத் தன் கையால் செருப்பு தைத்து, இணையச் சந்தையில் விற்றுப் பிழைப்பவள் ஷெரில். இன்று காலை அவளுடைய செருப்பை அந்தச் சந்தையின் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள். அவர்களுடைய உதவி எண்ணை அழைத்தாள்; ஒரு பையன் எடுத்தான்.

"போலிச் சரக்குன்னு புகார் வந்திருக்கு, மேடம்."

"போலியா? ஊசி குத்தின விரலைக் காட்டட்டுமாடா?"

"புகார் கொடுத்தவங்க வாபஸ் வாங்கணும்."

"எவன் அந்த நாய்? பேரைச் சொல்லு, வீடு தேடிப் போய் மிதிக்கிறேன்."

அவன் தயங்கினான். "ஷெரில் மெக்கே, டப்போ. உங்க செருப்பை மூணு பேர் காப்பியடிக்கிறாங்கன்னு போன வாரம் எழுதினீங்க. 'இதை விற்கும் எல்லாரையும் நீக்கு'ன்னு டிக் போட்டிருக்கீங்க."

ஷெரில் கணினியைத் திறந்தாள்.

"சரி, வாபஸ் வாங்குறேன். எங்க அமுக்கணும்?"

"உங்க கணக்குக்குள்ள போய் அமுக்கணும், மேடம். புகார் தீர்ற வரைக்கும் அது பூட்டியிருக்கும்."