வயிற்றுக்கு வைத்த பேர்

பெரிய டாக்டர் பாடம் நடத்தும் கட்டிலாகிப் போயிற்று பூரணத்தின் கட்டில். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து, அவளுடைய ஐந்து மாத வயிற்றில் கை வைத்து, அவளுக்கு இருந்த கோளாறின் பெயரை இங்கிலீஷில் ஒப்பித்துவிட்டு நகர்ந்தார்கள். கடைசியாக வந்த மாணவப் பெண்ணின் கையைப் பூரணம் பிடித்துக்கொண்டாள்.

“அதுக்குத் தமிழ்ல என்னம்மா?”

அந்தப் பெண் தயங்கினாள். “பிள்ளையைத் தாங்க கர்ப்பப்பை வாய்க்குத் திராணி இல்லைன்னு அர்த்தம்க்கா.”

பூரணத்துக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளை ஆறாம் மாதம் வரை சுமந்து மண்ணுக்குக் கொடுத்தவள் அவள்.

“திராணி இல்லையா?” பெரிய டாக்டர் பக்கம் திரும்பினாள். “இந்தப் பேரை யாரு வச்சது, டாக்டர்?”

“எப்பவோ எவரோ வச்சதும்மா. புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு.”

“வச்ச மகராசன் எத்தனை பெத்தாராம்?”

பக்கத்துக் கட்டில்கள் சிரித்தன. பூரணம் சிரிக்கவில்லை.

“இவ வேற பேரு சொல்லட்டும், கையை விடுறேன். உள்ள இருக்கிறது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுல்ல இருக்கு.”

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண் வயிற்றின் பக்கமாகக் குனிந்தாள். அவள் உதடுகள், உள்ளே இருப்பதற்கு மட்டும் கேட்கும்படி, வேறொரு பேரை மெல்லச் சொல்லத் தொடங்கின.