பயணி 212

காலை பத்து மணிக்கு எங்கள் கேம் வெளியானது. பத்தேகாலுக்கே திட்டு வர ஆரம்பித்துவிட்டது.

படகுப் போட்டி எங்கே? மழை எங்கே? விளம்பரத்தில் காட்டிய பாலம் எங்கே? கிழி கிழியென்று கிழித்தார்கள்.

அவர்களைத் தப்பு சொல்ல முடியாது. முதலில் தேதியைக் குறித்துவிட்டு வேலையை அதற்குள் திணித்தால் அவசரக் கோலம் அள்ளித் தெளித்த கதையாகத்தான் முடியும்.

பாலம் என் வேலை. பாலமும், அதைத் தாண்டினால் வரும் மலை நகரமும். பதினாலு மாதம் உட்கார்ந்து கட்டினேன். ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனியாக விளக்கு வைத்தேன்.

நகரத்தில் இரண்டு படிக்கட்டுகள் மட்டும் தகராறு. கால் வைத்தால் ஆள் தரைக்குள் போய்விடுவார். சரிசெய்ய இரண்டு வாரம் கேட்டேன். மேனேஜர் கொடுக்கவில்லை. பாலத்துக்கு முன்னால் ஒரு கதவைப் போட்டு, ‘விரைவில் திறக்கப்படும்’ என்று பலகை மாட்டச் சொன்னார். அதையும் என்னையே மாட்டச் சொன்னார். அந்த வயிற்றெரிச்சல் தனி.

"பாலம் இல்லேன்னு யாரு அழப்போறாங்க?" என்றார். நாலு மணிக் கூட்டத்தில் பாலத்தை அடியோடு தூக்கிவிடுவதாக ஏற்பாடு.

பதினொரு மணிக்குத்தான் பயணி 212 எங்கள் கண்ணில் பட்டார்.

தனக்கென்று பெயர் வைத்துக்கொள்ளாதவர்களுக்குக் கேமே கொடுக்கும் பெயர் அது. தொடக்கத்தில் எல்லோருக்கும் தரும் சாம்பல் நிற உடையைக்கூட அவர் மாற்றவில்லை. கையில் ஆயுதம் கிடையாது. கதவுக்கு நேர் எதிரே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கொதித்துப்போய் வந்த இன்னொருவர் கதவை நாலு வெட்டு வெட்டினார். திரும்பி 212-ஐப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, வாளை உறையில் போட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

அப்புறம் நாலு பேர். அப்புறம் நாற்பது பேர்.

மூன்று மணிக்கு ஒன்பதாயிரம்.

எல்லாம் காலையில் எங்களைத் திட்டித் தீர்த்த அதே ஆட்கள்தான். இப்போது சத்தமே இல்லை. வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். 212 எழுந்தால்தான் நாங்களும் எழுவோம் என்று எழுதினார்கள்.

மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. 212-க்குச் செய்தி மேல் செய்தி அனுப்பினார். பதில் இல்லை. விலை உயர்ந்த குதிரை ஒன்றைப் பரிசாக அனுப்பிப் பார்த்தார். குதிரை போய்ப் பக்கத்தில் நின்றது. அவர் அசையவில்லை. பழம் தின்று கொட்டை போட்ட போராளியாக இருக்க வேண்டும் என்று அலுவலகமே பேசிக்கொண்டது.

எனக்கோ அந்த முதுகைப் பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, நான் கட்டியதைப் பார்க்க இப்படித் தவம் கிடக்கிறது.

நாலு மணிக் கூட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பாலத்தைத் தூக்கும் பேச்சையே மேனேஜர் எடுக்கவில்லை. இரண்டு வாரத்தில் திறக்கும் என்று அவரே அறிவிப்பு எழுதினார்.

ஒன்பதாயிரம் பேரும் எழுந்து குதித்தார்கள். 212 மட்டும் எழவில்லை.

"இன்னும் என்னதான் வேணுமாம்?" என்று மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். எழுந்தவர்களெல்லாம் ஒவ்வொருவராக மறுபடி உட்கார ஆரம்பித்தார்கள்.

அப்போது என் போன் அடித்தது. அம்மா.

"ஏண்டி, சாப்பிட்டியா? பக்கத்து வீட்டுப் பொண்ணு உன் கேமைப் போட்டுக் குடுத்து, பாலம் வரைக்கும் கொண்டுவந்து உக்கார வச்சுட்டு வேலைக்குப் போயிட்டா. சீக்கிரம் திறப்போம்னு போர்டு போட்டிருக்கு. அதான் காலையிலேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். யாரு குதிரையோ ஒண்ணு பக்கத்துல வந்து நிக்குது, புடிச்சுக்கிட்டுப் போகச் சொல்லு. நீ ஒண்ணும் அவசரப்படாத. நிதானமா வேலைய முடிச்சுட்டே திற. நீ கட்டினதைப் பாக்காம நான் எங்க போகப்போறேன்?"

சுவரில் இருந்த பெரிய திரையைப் பார்த்தேன். ஒன்பதாயிரம் பேருக்கு முன்னால் என் அம்மா. பிறந்ததிலிருந்து நான் இவ்வளவு கர்வப்பட்டதில்லை.

"லைன்ல இருக்கியா?" என்றாள் அம்மா. "பின்னாடி யாரோ ரெண்டு பேரு இருக்கற மாதிரி சலசலன்னு கேக்குது. திரும்பிப் பாக்கறதுக்கு எதைடி அழுத்தணும்?"